மூலப்பொருளுக்கு ஒருவரை மட்டும் நம்பலாமா?



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு பற்றிப் பேசுகிறோம். கடன் பற்றிப் பேசுகிறோம். தொழில் செய்யும் குழுக்கள் விற்பனை பற்றி நிறையவே பேசுகின்றன. "சரக்கை எங்க விக்கிறது?" என்று கேட்காத குழு இல்லை. ஆனால் "சரக்கு செய்யுற பொருள் எங்கிருந்து வருது? நாளைக்கு அது வரலைன்னா என்ன பண்ணுவோம்?" என்று எத்தனை குழுக்கள் கேட்டிருக்கிறோம்? இந்த இதழில் அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு குழுவில் நடந்தது

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு பாக்கு மட்டைத் தட்டு செய்கிறது. குழுவின் பெயர் வேண்டாம். "எங்க கதையை எழுதுங்க, மத்தவங்களாவது உஷாரா இருக்கட்டும்" என்று அவர்களே சொன்னதால் எழுதுகிறோம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அதன் பிறகு மட்டைத் தட்டுக்கு நல்ல கிராக்கி. இந்தக் குழுவும் வங்கிக் கடன் வாங்கி மிஷின் போட்டது. ஐந்து பேருக்கு தினமும் வேலை. மட்டை கொடுக்க ஒரு வியாபாரி இருந்தார். விலை குறைவு, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார், போன் போட்டால் போதும். "இவரை விட்டு வேற ஆள் எதுக்கு?" என்று எல்லோருக்கும் நிம்மதி. இன்னும் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னதால் ஒரு வருடம் முன்பணமும் கொடுத்தார்கள்.

அந்த வருடம் மழை முன்னதாகவே வந்து விடாமல் பெய்தது. நனைந்த மட்டையில் பூசணம் பிடிக்கும், தட்டு செய்ய ஆகாது. வியாபாரியிடம் இருந்ததே கொஞ்சம். அதையும் கூடுதல் விலை தந்த பெரிய கம்பெனிக்கு ஏற்றிவிட்டார். குழு போன் செய்தால் "நாளைக்கு லோடு வரும்மா" என்றார். இரண்டு வாரத்துக்குமேல் அந்த நாளை வரவே இல்லை.

மிஷின் நின்றது. இரண்டு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போனது. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. கூட்டத்தில் எல்லோரும் ஊக்குநரைப் பிடித்துக்கொண்டார்கள். "நீதானக்கா அவரை நம்பச் சொன்ன?" "நான் மட்டுமா சொன்னேன்? விலை குறைச்சுக் குடுத்தப்ப நீங்களும்தான சந்தோஷப்பட்டீங்க?" பேச்சு முற்றி, குழுவே உடைந்துவிடும் நிலை. வேறு வியாபாரியின் போன் நம்பர் ஒருவரிடமும் இல்லை. இருந்த ஒரே நம்பரும் ஊக்குநரின் செல்போனில் மட்டும்தான் இருந்தது.

இதில் குற்றவாளி யார் என்று தேடுவதில் பயனில்லை. படித்தவர்கள், பெரிய முதலாளிகள், உலகமே மெச்சும் கம்பெனிகள்கூட இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

டொயோட்டாவுக்கு வந்த சோதனை

ஜப்பான் நாட்டின் டொயோட்டா கார் கம்பெனியை நமக்குத் தெரியும். இன்னோவா கார் அவர்கள் தயாரிப்புதான். பொருளைக் குவித்து வைக்கக் கூடாது, தேவைப்படும் நேரத்துக்கு, தேவைப்படும் அளவு மட்டும் வந்து இறங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். குடோன் செலவு இல்லை, பணம் முடங்காது, பொருள் வீணாகாது. உலகம் முழுக்க இந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான உதிரி பாகங்கள் வேண்டும். அதில் ஒன்று பிரேக்கில் வைக்கும் சிறிய வால்வு. பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைச் சரிப்படுத்தி, பிரேக் போடும்போது வண்டி வழுக்காமல் காப்பது அதன் வேலை. கையளவுதான் இருக்கும், காரின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. டொயோட்டா இந்த வால்வை ஏறக்குறைய முழுவதும் ஐசின் செய்கி என்ற ஒரே கம்பெனியிடம் வாங்கியது. தரம் நன்றாக இருந்தது, விலையும் குறைவு. நம் குழு மட்டை வியாபாரியை நம்பியதற்குச் சொன்ன அதே காரணம்தான்!

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை. கரியா என்ற ஊரில் அந்த வால்வு செய்யும் ஐசின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வால்வு செய்யும் மிஷின்கள் எரிந்து போயின. டொயோட்டாவின் கையிருப்பில் இருந்த வால்வு சில மணி நேரத்துக்குத்தான் காணும். அடுத்த சில நாட்களுக்குள் ஜப்பானில் இருந்த அவர்களது கார் தொழிற்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. இன்ஜின் இருக்கிறது, கதவு இருக்கிறது, டயர் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கையளவு வால்வு இல்லை, அதனால் கார் இல்லை.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். தேரில் விலை உயர்ந்தது அச்சாணி இல்லை. ஆனால் தேரை நிறுத்துவது அதுதான். நம் தொழிலிலும் அதிகப் பணம் போட்டு வாங்கும் பொருளைத்தான் கவனிக்கிறோம். ஊறுகாய் பாட்டிலின் மூடி, மசாலா கவரின் லேபிள், மிஷினின் ஹீட்டர் காயில், இவைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மூடி வராவிட்டால் ஊறுகாய் வெளியே போகாது.

எப்படி மீண்டார்கள்?

ஐசின் கம்பெனி தீப்பிடித்ததை மறைக்கவில்லை. உடனே எல்லோரையும் கூப்பிட்டு உதவி கேட்டது. வால்வின் வரைபடத்தையும், செய்யும் முறையையும், எரியாமல் மிஞ்சிய கருவிகளையும் மற்றவர்களுக்குக் கொடுத்தது. ஏறக்குறைய 200 கம்பெனிகள் கைகொடுத்தன. அவற்றில் பல அதுவரை இந்த வால்வைச் செய்ததே இல்லை. தையல் மிஷின் செய்யும் பிரதர் கம்பெனி, காருக்கு உதிரி பாகம் செய்த அனுபவமே இல்லாதது, தன் மிஷினை மாற்றி அமைத்து வால்வு செய்து கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! முதலில் விலை பேசலாம், ஒப்பந்தம் போடலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தீ நடந்த ஒரு வாரத்துக்குள் தொழிற்சாலைகள் பழையபடி ஓட ஆரம்பித்தன.

இது எப்படி முடிந்தது? பொருள் கொடுப்பவர்களை டொயோட்டா வெறும் வியாபாரியாக மட்டும் நடத்தவில்லை. பல வருடம் சேர்ந்து தொழில் செய்து, சொல்லிக் கொடுத்து, பழகி வைத்திருந்த உறவு அது. உதவி செய்தவர்களுக்குப் பிறகு பணமாகவும் நன்றி செலுத்தியது. ஆபத்து வந்த பிறகு உறவைத் தேடினால் கிடைக்காது. நம் வீட்டில் உப்பு தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்கிறோம். முன்பே பேசிப் பழகியிருந்தால்தானே கேட்க முடியும்?

சேதி வந்ததும் என்ன செய்தார்கள்?

2000-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று அமெரிக்காவில் அல்புகர்க் என்ற ஊரில் பிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலையில் இடி மின்னலால் தீப்பிடித்தது. சிப் என்பது செல்போனுக்கு மூளை போன்ற சின்னச் சில்லு. தீ சில நிமிடங்களில் அணைந்தது. ஆனால் சிப் செய்யும் அறையில் தூசு இருக்கவே கூடாது. புகையும் தண்ணீரும் அந்தச் சுத்தமான அறைகளைக் கெடுத்துவிட்டன. இங்கிருந்து சிப் வாங்கிய இரண்டு பெரிய செல்போன் கம்பெனிகள் பின்லாந்தின் நோக்கியா, ஸ்வீடனின் எரிக்சன். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை தொழிற்சாலை நடத்தியதே, அதே நோக்கியாதான்.

"ஒரு வாரம் தாமதமாகும்" என்று இருவருக்கும் ஒரே சேதிதான் போனது. நோக்கியா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தினமும் விசாரித்தது. ஒரு வாரத்தில் முடியாது என்று புரிந்ததும் வேறு கம்பெனிகளிடம் சிப் கேட்டது. பிலிப்ஸின் வேறு ஆலைகளில் செய்து தரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது. வேறு இடத்தில் கிடைக்கும் சிப்புக்கு ஏற்றபடி போன் வடிவமைப்பையும் சில இடங்களில் மாற்றியது. எரிக்சன் "ஒரு வாரம்தானே" என்று இருந்துவிட்டது. விழித்தபோது மற்ற ஆலைகளின் சிப் எல்லாம் நோக்கியாவுக்குப் போய்விட்டது. எரிக்சனுக்கு ஏறக்குறைய 40 கோடி டாலர் நஷ்டம். 2001-ல் தன் செல்போன் தொழிலைச் சோனி கம்பெனியோடு கூட்டுச் சேர்த்துக்கொண்டது. அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த அடியும் அதில் சேர்ந்திருந்தது.

தீ ஒன்றுதான், சேதியும் ஒன்றுதான். ஒருவர் கேள்வி கேட்டார், மற்றவர் காத்திருந்தார். "நாளைக்கு லோடு வரும்மா" என்று வியாபாரி சொல்லும்போது நாம் இந்த இருவரில் யாராக இருக்கிறோம்?

கடை இரண்டு, கிணறு ஒன்று

"நாங்க ரெண்டு கடையில வாங்குறோம், எங்களுக்குப் பயமில்ல" என்று சிலர் சொல்லலாம். அந்த இரண்டு கடைக்காரரும் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டீர்களா?

2011 மார்ச் மாதம் ஜப்பானில் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அப்போது அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனி சில கறுப்பு, சிவப்பு நிறக் கார்களுக்குப் புதிய ஆர்டர் வாங்குவதை நிறுத்தி வைத்தது. காரணம் என்ன தெரியுமா? காரின் பெயிண்டில் மின்னும் பளபளப்புத் தூள். ஷிராலிக் என்ற அந்தத் தூளை ஜெர்மனியின் மெர்க் கம்பெனி உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் செய்துகொண்டிருந்தது. அது ஜப்பானில் புகுஷிமா மாவட்டத்தில் ஓனஹாமா என்ற ஊர். பெயிண்ட் கம்பெனிகள் பல, தூள் ஆலை ஒன்று. குடம் எத்தனை இருந்தாலும், எல்லாம் ஒரே கிணற்றில் இறங்கினால், கிணறு வற்றும் அன்று எல்லாக் குடமும் காலிதான்.

கையிருப்பு வைத்தால் போதுமா? அதற்கும் எல்லை உண்டு. 2011-க்குப் பிறகு டொயோட்டா, சிப் கொடுப்பவர்களைச் சில மாதத்துக்கு வேண்டிய கையிருப்பு வைக்கச் சொன்னது. 2021-ல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற கம்பெனிகள் நின்ற முதல் மாதங்களில் அது தாக்குப்பிடித்தது. தட்டுப்பாடு நீண்டபோது, 2021 செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. கையிருப்பு நமக்கு நாட்களைத்தான் வாங்கிக் கொடுக்கும். அந்த நாட்களில் மாற்று வழி தேடுவது நம் வேலை.

நம் குழு என்ன செய்யலாம்?

1. பட்டியல் போடுங்கள். தொழிலுக்கு வேண்டிய எல்லாப் பொருளையும் எழுதுங்கள். லேபிள், நூல், மூடி, கேஸ், கரண்ட், வண்டி உட்பட. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், யார் கொடுக்கிறார், அவர் எங்கே வாங்குகிறார், வராவிட்டால் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எழுதுங்கள். ஒரே ஆளின் பெயர் மட்டும் இருந்து, இரண்டு மூன்று நாள்கூட ஓட்ட முடியாத பொருளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அதுதான் உங்கள் அச்சாணி.

2. அச்சாணிப் பொருளுக்கு இரண்டாவது ஆளைப் பிடியுங்கள். பெயரை எழுதி வைத்தால் மட்டும் போதாது. பத்தில் மூன்று பங்காவது அவரிடம் வழக்கமாக வாங்குங்கள். ஒருநாளும் வாங்காதவர், நமக்கு அவசரம் வரும் அன்று ஏன் கொடுக்கப் போகிறார்? அவர் வேறு ஊரிலிருந்து கொள்முதல் செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

3. முன்பணத்தில் கவனம். மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்தால் நம் கை கட்டப்பட்டுவிடும். வேறு இடத்தில் வாங்கக் கையில் காசு இருக்காது. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். எந்தத் தேதிக்குள் எவ்வளவு பொருள், தவறினால் பணம் எப்போது திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.

4. மாற்றுப் பொருளை முன்பே சோதித்துப் பாருங்கள். வேறு அளவு பாட்டிலுக்கு நம் மூடி பொருந்துமா? வேறு மில்லின் மாவில் பலகாரம் சரியாக வருமா? வேலை நிற்கும் அன்று சோதித்தால் சரக்கும் கெடும், பேரும் கெடும்.

5. நம்பர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வியாபாரிகளின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லா உறுப்பினருக்கும் தெரிய வேண்டும். தகவலையும் ஒரே ஆளிடம் விட்டுவைக்கக் கூடாது.

6. பழைய வியாபாரியைப் பகைக்க வேண்டாம். இரண்டாவது ஆளைச் சேர்ப்பது முதல் ஆளை மிரட்ட இல்லை. சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். அவருக்கும் நாலு காசு நிற்க வேண்டும் என்று நினையுங்கள். தட்டுப்பாடு வரும்போது, நேரத்துக்குப் பணம் கொடுத்தவரைத்தான் அவருக்கு முதலில் ஞாபகம் வரும்.

7. கூட்டமைப்பு மூலம் சேர்ந்து வாங்குங்கள். பத்து மூட்டை கேட்கும் குழுவை மொத்த வியாபாரி கண்டுகொள்ள மாட்டார். ஒரே தொழில் செய்யும் ஐந்து குழுக்கள் சேர்ந்து ஒரு லாரி லோடு கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார். அப்போதும் மொத்த லோடையும் ஒரே ஆளிடம் எடுக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"ரெண்டாவது ஆளு விலை கூட சொல்றாரே, நஷ்டம்தானே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

ஒரு குழு ஒரு நாளைக்கு 400 மட்டை வீதம் மாதம் 25 நாள் வேலை செய்கிறது. மாதம் 10,000 மட்டை. இரண்டாவது வியாபாரி மட்டைக்கு 30 காசு கூடுதலாகச் சொல்கிறார். அவரிடம் 3,000 மட்டை வாங்கினால் மாதம் 900 ரூபாய் கூடுதல் செலவு. வருடத்துக்கு 10,800 ரூபாய்.

இப்போது இன்னொரு பக்கம். மட்டை இல்லாமல் 15 நாள் வேலை நின்றால்? ஐந்து பேர், ஒருவருக்கு நாள் கூலி 250 ரூபாய் என்றால், கூலி இழப்பு மட்டும் 18,750 ரூபாய். லாபம் போனது தனி, தவணை தவறியது தனி, கைவிட்டுப் போன வாடிக்கையாளர் தனி. மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோமே, மாடு சாக வேண்டும் என்றா கட்டுகிறோம்? அந்த 900 ரூபாயும் அப்படித்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த வருடமும் தடங்கல் வராவிட்டால் அந்த 10,800 ரூபாய் வீண் செலவு போலத்தான் தெரியும். எல்லாப் பொருளுக்கும் இப்படிச் செய்தால் கட்டுப்படியும் ஆகாது. சிவப்பு வட்டம் போட்ட பொருளுக்கு மட்டும் செய்தால் போதும்.

அடுத்தது கையிருப்புக் கணக்கு. சொன்னால் வழக்கமாக 6 வேலை நாளில் மட்டை வந்து சேரும், மிக மோசமான நேரத்தில் 15 வேலை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 400 மட்டை பெருக்கல் 15 நாள், 6,000 மட்டை. இருப்பு 6,000-க்கு இறங்கும் அன்றே அடுத்த ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். சொன்னபடி 6 நாளில் வந்தால் கையில் 3,600 மிஞ்சும். தாமதமானாலும் 15 நாள் வரை மிஷின் நிற்காது. மழைக்காலத்துக்கு இது போதாது. வெயில் நாளிலேயே உலர்ந்த மட்டையைக் கூடுதலாக வாங்கித் தரையில் படாமல் அடுக்கி வைக்க வேண்டும். பழைய இருப்பை முதலில் எடுங்கள். உணவுப் பொருள் செய்யும் குழுக்கள் கெட்டுப்போகும் பொருளை அளவுக்கு மீறிச் சேர்க்க வேண்டாம். அவர்களுக்குக் கையிருப்பைவிட இரண்டாவது ஆள்தான் முக்கியம்.

அந்தக் குழு இப்போது

தொடக்கத்தில் சொன்ன மட்டைத் தட்டுக் குழு உடையவில்லை. கூட்டமைப்பில் பேசித் தவணைக்கு ஒரு வழி செய்தார்கள். முன்பணத்தில் பாதிதான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. இழந்த ஒரு கல்யாணப் பந்தல்காரர் இன்னும் இவர்களிடம் வரவில்லை. ஆனால் இரண்டு பேர் பஸ் ஏறிப் பாக்குத் தோப்பு இருக்கும் ஊருக்கே போய் விசாரித்தார்கள். வியாபாரி எங்கே வாங்குகிறார் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இப்போது பழைய வியாபாரியிடமும் வாங்குகிறார்கள், வேறு ஊர்த் தோப்புக்காரர் ஒருவரிடமும் வாங்குகிறார்கள். நம்பர்கள் கூட்டம் நடக்கும் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. "அன்னைக்குச் சண்டை போட்ட நேரத்துல இந்த நம்பரைத் தேடியிருக்கலாம்" என்று ஊக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

* நம் தொழிலில் அச்சாணிப் பொருள் எது? அது வராவிட்டால் எத்தனை நாள் ஓட்டுவோம்?
* நமக்குப் பொருள் கொடுப்பவர் எங்கே வாங்குகிறார்? நம்மில் யாராவது நேரில் போய்ப் பார்த்திருக்கிறோமா?
* கொடுத்த முன்பணம் எவ்வளவு? அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா?
* நம் பக்கத்தில் இதே தொழில் செய்யும் குழுக்கள் எவை? சேர்ந்து வாங்க முடியுமா?

பேசி முடித்த பிறகு பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள். உங்கள் குழுவில் கண்டுபிடித்த அச்சாணி எது என்று கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் போடுங்கள். மற்ற சகோதரிகளுக்கும் பயன்படும்படி வரும் இதழில் வெளியிடுவோம்.